தெய்சேயில் ஒரு வாரம்: ஒருவரையொருவர் தாங்கப் பழகுகிற இடம்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனி நகருக்கு வடக்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது தெய்சே என்னும் சிற்றூர். அங்குள்ள கிறிஸ்தவத் துறவியர் சமூகம் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை நடத்துகிற கூடுகைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா, பெரியவர்களும் போகலாமா, போனால் என்ன கிடைக்கும் என்று ஜெர்மனியிலுள்ள எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் பலர் கேட்டுக்கொண்டிருப்பதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கோடை விடுமுறையில் எங்கள் இளையோருக்குப் பொறுப்பாளராக அவர்களோடு அங்கே ஒரு வாரம் தங்கினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசதிக்காகவோ சாப்பாட்டுக்காகவோ அங்கே போக வேண்டியதில்லை. பிரசங்கத்துக்காகவும் போக வேண்டியதில்லை, ஏனென்றால் நாம் பழகிய விதமான பிரசங்கம் அங்கே ஜெப வேளைகளில் கிடையாது. விசுவாசிகள் ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துவதை ஒரு போதகரின் பொறுப்பாக விட்டுவிடாமல், வந்திருக்கிற ஒவ்வொருவரும் அன்றன்றைக்குச் செய்கிற வேலையாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். அதற்காகப் போகலாம், முடிந்தவர்கள் கட்டாயம் போக வேண்டும்.

அந்த விருந்தோம்பல் எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொண்டு போனால் அங்கே நடப்பவை நன்றாக விளங்கும். சுவிட்சர்லாந்தில் சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரோஜர் ஷுட்ஸ், 1940 ஆகஸ்டில், தமது 25-ஆம் வயதில், ஜெனீவாவிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டு இந்தப் பக்கம் வந்தார். போரில் தோற்ற பிரான்சு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிரித்த கோடு தெய்சேக்கு அருகில்தான் ஓடியது. ஆளரவம் குறைந்துபோயிருந்த அந்த ஊரில் ஒரு வீட்டை வாங்கி, தப்பி வந்த அகதிகளுக்கு, அவர்களில் யூதர்களுக்கும், அடைக்கலம் கொடுத்தார். 1942-இல் அந்த அடைக்கலம் வெளியே தெரிந்துபோனதால் வெளியே போயிருந்த அவர் தெய்சேக்குத் திரும்ப முடியாமற்போனது. 1944-இல் வந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. இப்போது அருகிலிருந்த முகாமில் அடைபட்டிருந்தவர்கள் ஜெர்மானியப் போர்க் கைதிகள். அவரும் அவரோடு சேர்ந்திருந்த துறவிச் சகோதரர்களும் அந்தக் கைதிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வரவேற்று, தங்களிடம் இருந்த கொஞ்ச உணவைப் பகிர்ந்துகொண்டார்கள். முன்பு யாருக்குப் பயந்து ஆட்களை ஒளித்துவைத்தாரோ அந்த நாட்டாரையே அவர் தம் மேசைக்கு அழைத்தார் என்பதை நான் அங்கிருந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

1949 ஈஸ்டர் பண்டிகையில் ஏழு சகோதரர்கள் வாழ்நாள் உறுதிமொழி எடுத்தார்கள். தொடக்கத்தில் அனைவரும் புராட்டஸ்டன்ட் சபையினர். பின்னர் கத்தோலிக்கரும் சேர்ந்தனர். இன்று ஏறத்தாழ முப்பது நாடுகளைச் சேர்ந்தவர்கள் அந்தச் சமூகத்தில் இருக்கிறார்கள். இளைஞர்கள் திரள் திரளாக வரத் தொடங்கியதும் ஊரிலிருந்த பழைய சிறு தேவாலயம் போதாமல் போய், 1962-இல் ஒப்புரவு ஆலயம் என்ற பெயரில் பெரிய ஆலயம் எழும்பியது. அதைக் கட்ட உழைத்தவர்கள், போரில் தங்கள் நாடு இழைத்த கொடுமைகளுக்குப் பரிகாரமாக உழைக்க முன்வந்த ஜெர்மானிய இளைஞர்கள். எங்களோடு வந்த பிள்ளைகள் ஜெர்மானியப் பள்ளிகளில் படிப்பவர்கள். அந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு, அதன் தொடர்ச்சியாக நிற்கிற ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பது வேறு விதமான பாடமாக இருந்தது.

போய்ச் சேருவது கடினமன்று. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் மக்கோன்-லொஷே நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து தெய்சே வழியாகப் போகும் பேருந்து கிடைக்கும். ஜெர்மனியிலிருந்து கோடையில் பல சபைகள் பேருந்து ஏற்பாடு செய்கின்றன. நாங்களும் அப்படித்தான் போனோம். இறங்கியவுடன், நம் மொழியோ நமக்குத் தெரிந்த ஒரு மொழியோ பேசுகிற தன்னார்வ இளைஞர் ஒருவர் வந்து, நாள் ஒழுங்கை விளக்கி, தங்குமிடத்தைக் காட்டி, எந்த வேலை செய்ய விருப்பம் என்று கேட்கிறார். வரவேற்கிறவரும் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ முன்னால் நம்மைப் போல வந்து இறங்கியவர்தான். சகோதரர்களோடு சேர்ந்து இந்தப் பெரிய கூட்டத்தைத் தாங்குகிறவர்கள் இப்படித் தங்கிவிட்ட தன்னார்வலர்களும், பக்கத்து ஊரான அமெனியில் வசித்து 1966 முதல் உதவிவருகிற புனித அந்திரேயா சபைச் சகோதரிகளும்.

தங்குமிடம் மிக எளிமையானது. மரக் கட்டடங்களில் அடுக்குக் கட்டில்கள், பொதுக் குளியலறைகள். கோடையில் பலர் சொந்தக் கூடாரம் அடித்துக்கொள்கிறார்கள். தூக்கப் பையை நாமே கொண்டுபோக வேண்டும். சாப்பாடும் அப்படியே. காலையில் ஒரு ரொட்டி, வெண்ணெய், இரண்டு சாக்லேட் துண்டுகள், கைப்பிடியில்லாத கிண்ணத்தில் தேநீர் அல்லது சூடான சாக்லேட் பால். மதியமும் இரவும் ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. கத்தியும் முள்கரண்டியும் இல்லை என்பது ஐரோப்பியப் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருக்கிறது. நமக்கு அது ஒரு பொருட்டே அன்று. காரத்துக்குப் பழகியவர்கள் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று எடுத்துப் போகலாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கொடுக்கலாம். எங்கள் மேசையில் அதுவே பல உரையாடல்களைத் தொடங்கிவைத்தது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வருகிறவர்கள் தங்கள் வயதுக்கும் நாட்டுக்கும் ஏற்ப ஒரு பங்களிப்புத் தொகை கொடுக்கிறார்கள். வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு அது குறைவு. சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. குடும்பத்திலிருந்து வரும் சொத்தையும் வைத்துக்கொள்வதில்லை. மண்பாண்டம் செய்தும் நூல்கள் வெளியிட்டும் தங்கள் கைகளின் உழைப்பால் வாழ்கிறார்கள். காணிக்கைக்கான அழைப்பு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒலிக்கிற சூழலில் வளர்ந்த எங்கள் இளையோருக்கு, யாரும் பணம் கேட்காத ஒரு வாரம் என்பதே ஆச்சரியமாக இருந்தது.

இனி, நான் எழுத விரும்பிய முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு நாளும் காலை உணவுக்குப் பின், ஏறக்குறைய 10 மணிக்கு, ஒரு சகோதரர் வேதபகுதி ஒன்றை அறிமுகம் செய்கிறார். வயதுவாரியாகவும் மொழிவாரியாகவும் கூட்டம் பிரிந்திருக்கும். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச, ஆங்காங்கே மொழிபெயர்ப்பாளரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற சிறு வட்டங்கள் தாழ்ந்த குரலில் அதைத் தங்கள் மொழியில் வாங்கிக்கொள்ளும். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவதில்லை. பகுதியின் பின்னணியை விளக்கி, ஒன்றிரண்டு கேள்விகளைக் கையில் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அதன்பின், வெவ்வேறு நாட்டார் கலந்த சிறு குழுக்கள் மரத்தடியிலோ கூடாரத்திலோ கூடி, அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு பேச வேண்டும். குழுவை நடத்த இறையியல் படித்தவர் யாரும் வருவதில்லை. இது திட்டமிட்டுச் செய்ததென்று இரண்டாம் நாளிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சொல்லிக்கொடுக்கிறவர் அருகில் இருந்தால் எல்லோருடைய முகமும் அவர் பக்கமே திரும்பியிருக்கும்; அவர் இல்லாதபோது வேறு வழியில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

என் குழுவில் பெரியவர்கள் எட்டுப் பேர் இருந்தோம். திமிர்வாதக்காரனை, அதாவது உடல் செயலிழந்த நோயாளியை, நான்கு பேர் தூக்கிவந்து, கூட்டத்தினால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்பாக இறக்கிய பகுதி அன்றைக்கு. உங்களை யாராவது சுமந்ததுண்டா, அதை நீங்கள் ஏற்றுக்கொண்டது எப்படி என்பதுபோல ஒரு கேள்வி. முதலில் எல்லோரும் தாங்கள் பிறரைச் சுமந்த கதைகளைத்தான் சொன்னோம், நானும் அப்படித்தான். நெதர்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு செவிலியர் மட்டும் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், நோயாளிகளையும் தாயாரையும் பல ஆண்டுகளாகத் தான் சுமந்துவருவதாகவும், தன்னைப் பிறர் சுமப்பதை எப்படி அனுமதிப்பதென்றே தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். குழுவில் யாரும் உடனே வசனம் எடுத்துச் சொல்லவில்லை. நாங்கள் ஜெபிப்போம் என்றுகூடச் சொல்லவில்லை. சிறிது நேரம் அமைதியாக இருந்தோம். ஆங்கிலம் குறைவாகவே பேசத் தெரிந்த போர்ச்சுகல் நாட்டு முதியவர் ஒருவர், அன்று மாலை தேநீர் வரிசையில் அந்தச் செவிலியரை உட்காரச் சொல்லிவிட்டு, அவருடைய கிண்ணத்தையும் சேர்த்து வாங்கிவந்து கொடுத்தார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே செய்தார். வார இறுதிக்குள் அந்தச் செவிலியர் தயக்கமில்லாமல் அதை வாங்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். வேதபகுதிக்கு நான் கேட்ட விளக்கங்களிலேயே சிறந்தது அந்தத் தேநீர் வரிசையில் நடந்ததுதான்.

ரோமாபுரிச் சபைக்கு எழுதுகிற பவுல் அப்போஸ்தலர், தாம் அவர்களுக்கு ஆவிக்குரிய வரத்தைக் கொடுக்க விரும்புவதைச் சொன்ன உடனேயே, அவர்களுடைய விசுவாசத்தினால் தாமும் ஆறுதலடைய வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறார். அப்போஸ்தலருக்கே சபையாரிடமிருந்து பெற்றுக்கொள்ள ஏதோ இருந்தது. நம் சபைகளில் ஆறுதல் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகிறது. மேடையிலிருந்து இருக்கைக்கு, போதகரிடமிருந்து வீட்டாருக்கு, மூத்தவரிடமிருந்து இளையவருக்கு. கொடுக்கிறவர் களைத்துப்போகிறார், வாங்குகிறவர் தம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். தெய்சேயின் சிறு குழு இந்த ஓட்டத்தை இரண்டு பக்கமும் திறந்துவிடுகிறது. எங்கள் ஐக்கியத்தில் ஆண்டுக்கணக்காக வாயைத் திறக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை, இளையோர் குழுவில் தன் சந்தேகங்களைப் பேசியிருக்கிறாள். அதைக் கேட்ட லித்துவேனியப் பெண் ஒருத்தி, இத்தனை நாள் தான் ஒருத்திதான் இப்படி நினைத்துக்கொண்டிருப்பதாக எண்ணியதாகச் சொல்லியிருக்கிறாள். தன் சந்தேகம் இன்னொருவருக்குத் துணையாக இருந்திருக்கிறது என்பதை எங்கள் பிள்ளை வியப்போடு என்னிடம் சொன்னாள். பெரியவர்களாகிய நாங்கள் அவளுக்குக் கொடுத்த பதில்களால் இது நடக்கவில்லை.

குழுக்கள் எல்லாம் இப்படி அமைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மொழி ஒரு தடைதான். எல்லோருக்கும் பொதுவான மொழி பெரும்பாலும் அரைகுறை ஆங்கிலமே. நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் கவனமில்லாமல் இருந்தால் உரையாடல் அவர் கைக்குப் போய்விடும். வேகமாகப் பேசுகிறவர் நிறுத்திக்கொள்ளவும், சொல்லைத் தேடுகிறவருக்காகக் காத்திருக்கவும் குழு கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. அதனால்தான் முழு வாரம் தங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். இரண்டு நாள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பாட்டும் மெழுகுவர்த்தியும் நினைவில் நிற்கும். ஐக்கியம் என்ன என்பது பிடிபட்டிருக்காது.

சிறு குழுவுக்கு அடுத்து, இந்த ஐக்கியத்தைத் தாங்குகிற இரண்டாவது தூண் வேலை. அங்கே வேலைக்காரர் என்று யாரும் இல்லை. உணவு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, கழிப்பறைகளைச் சுத்தம் செய்வது, குப்பை பொறுக்குவது, ஆலய வாசலில் அமைதி என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, எல்லாம் வந்தவர்களுடைய வேலைகளே. எங்கள் பங்குக்கு மதியப் பாத்திரங்கள் வந்தன. வரிசையாகப் பெரிய தொட்டிகள். முதலாவதில் ஆவி பறக்கும் சோப்புத் தண்ணீர். அங்கே தூரிகையோடு நிற்கிறவர்கள் தட்டைத் தேய்த்துத் தள்ள, அடுத்த தொட்டிக்காரர் அலசி நகர்த்த, கடைசியில் நிற்கிறவர் எண்ணி அடுக்குகிறார். ஆயிரக்கணக்கான தட்டுகள். பத்து நிமிடத்தில் எல்லோருடைய மேலங்கியும் நனைந்துவிடும். யாரோ ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்குவார், எதிர்வரிசை அதை இரண்டாம் குரலில் பிடித்துக்கொள்ளும். சொல்லப்போனால் நம் தென் மாவட்டத்துச் சபைகளின் அசனப் பண்டிகைக்கு (சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு) முந்தின இரவில், காய்கறி நறுக்க உட்காருகிற சபையாரிடையே எழுகிற கலகலப்பு இதுதான். ஊரில் இருந்தபோது எனக்கு அது பண்டிகையின் ஒரு ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஐக்கியம் ஆலயத்துக்குள் நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கை நனைத்தவர்கள் சிறு குழுவில் உட்காரும்போது பேச்சு எளிதாக வருகிறது என்பதைத் தெய்சே நன்றாக அறிந்து வைத்திருக்கிறது.

மூன்று வேளை ஜெபத்துக்கும் ஆலய மணிகள் அடித்ததும் எல்லா வேலையும் நிற்கிறது. ஆலயத்தில் நாற்காலி வரிசைகள் கிடையாது. தரையில்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஓரங்களில் பலகை இருக்கைகள் உண்டு. நடுவில், குட்டையான பசுஞ்செடி வேலிகளுக்கிடையே, வெள்ளை அங்கி அணிந்த சகோதரர்கள் நம்மைப் போலவே முன்பக்கம் நோக்கி முழங்காற்படியிட்டிருப்பார்கள். மேடையில் நின்று நம்மைப் பார்த்துப் பேசுகிறவர் எவரும் இல்லை. பாடல்கள் ஒன்றிரண்டு வரிகளே. இலத்தீன் முதல் பல மொழிகளில் இருக்கும். எண் பலகையில் தெரிகிற எண்ணைப் பாட்டுப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே வரி திரும்பத் திரும்பப் பாடப்படும்போது, மொழி தெரியாதவரும் மூன்றாம் தடவையில் சேர்ந்துகொள்கிறார். ஐந்தாம் தடவையில் நான்கு குரல்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். வேதவாசகம் பல மொழிகளில் சிறு சிறு பகுதிகளாக வாசிக்கப்படுகிறது. பின்னர் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான மௌனம். நம் ஆராதனைகளில் இத்தனை நேரம் யாரும் பேசாமல் இருந்தால் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதென்று எழுந்து பார்ப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் முதல் நாள் அது தாங்க முடியாததாகவே இருந்தது. வார நடுவில் அந்த மௌனத்துக்காகவே முன்கூட்டிப் போய் இடம் பிடித்தார்கள்.

ஊக்கப்படுத்துதல் என்றவுடன் பேச்சையே நினைக்கிற நமக்கு, கூடியிருந்து பேசாமலிருப்பதும் ஒருவரையொருவர் தாங்குவதாக ஆக முடியும் என்பது புதிய செய்தி. பக்கத்தில் மூச்சு விடுகிற அந்நியரும் அதே கிறிஸ்துவுக்கு முன்பாகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்ற உணர்வு நமக்குள் வந்துவிட்டால், கண் திறந்தபின் அவர் அந்நியராகத் தெரிவதில்லை. மாலை ஜெபம் முடிந்தபிறகும் பாட்டுத் தொடர்ந்துகொண்டே இருக்கும். அப்போது சில சகோதரர்கள் ஆலயத்துக்குள்ளேயே ஆங்காங்கே நின்று, தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்குச் செவிகொடுக்கிறார்கள். நீண்ட வரிசைகள் நிற்கும். யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. வெள்ளிக்கிழமை இரவில் சிலுவையைத் தரையில் கிடத்தி, விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பது அந்த வாரத்தின் உச்சம். சனி இரவில் உயிர்த்தெழுதலின் ஒளி கைக்குக் கை மெழுகுவர்த்தியாகப் பரவுகிறது. மாலை ஜெபத்துக்குப் பிறகு ஓயாக் என்ற திறந்தவெளிக் கடையைச் சுற்றிக் கித்தாரும் ஆட்டமும் சிரிப்புமாக இருக்கும். அந்தக் கொண்டாட்டத்தையும் பெற்றோர்கள் தவறாக எண்ண வேண்டியதில்லை. இரவு மௌன நேரம் வந்ததும் பொறுப்பாளர்கள் வந்து சொல்ல, எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்.

தயங்குவதற்கான காரணங்கள் சிலருக்கு இருக்கும். அவற்றையும் சொல்ல வேண்டும். திருவிருந்து (நற்கருணை) விஷயத்தில் சபைப் பிரிவுகள் அங்கேயும் முழுதாக மறைந்துவிடவில்லை. காலை ஜெபத்தில் கத்தோலிக்க முறைப்படி நற்கருணை வழங்கப்படுகிறது. அதைப் பெறாதவர்களுக்கு ஆசீர்வதிக்கப்பட்ட அப்பம் கொடுக்கப்படுகிறது. புராட்டஸ்டன்ட் மரபிலான தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவளாகிய எனக்கு அந்த அப்பத்தைக் கையில் வாங்கியபோது நன்றியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. பெந்தெகொஸ்தே பின்னணியிலிருந்து வருபவர்களுக்குச் சின்னங்களும் திருவுருவப் படங்களும் நெருடலாக இருக்கலாம். பிள்ளைகளை அனுப்புமுன் வீட்டில் பேசிவிடுவது நல்லது. உறுதியான போதனையை எதிர்பார்ப்பவர்களுக்குக் காலை அறிமுகம் போதாததாகத் தோன்றும்.

இன்னொன்றைப் பெற்றோர்கள் தெரிந்திருக்க வேண்டும். கடந்த காலத்தில் சில சகோதரர்கள் இளைஞர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாக வந்த புகார்களை, 2019-இல் அன்றைய தலைவரான சகோதரர் அலோயிஸ் தாமே பகிரங்கமாக அறிவித்து, மேலும் பாதிக்கப்பட்டவர்கள் முன்வரும்படி கேட்டுக்கொண்டார். நம்பிக்கையைச் சுற்றியே அமைந்த ஒரு சமூகத்துக்கு இது மிகப் பெரிய காயம். பாதிக்கப்பட்டவர்கள் அதைவிடப் பெரிய காயத்தை நெடுங்காலம் தனியாகச் சுமந்திருக்கிறார்கள். பதினெட்டு வயது நிறையாதவர்கள் பொறுப்பான பெரியவரோடு வரவேண்டும் என்ற ஒழுங்கைப் பெற்றோர்கள் உண்மையாகக் கடைப்பிடிக்க வேண்டும். பொறுப்பாளராகப் போகிறவரும் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தம் தியானத்தில் மூழ்கிவிடக்கூடாது. ஐக்கியம் என்பதில் ஒருவரையொருவர் காத்துக்கொள்வதும் அடங்கும்.

சகோதரர் ரோஜர் 2005 ஆகஸ்ட் 16 அன்று, மாலை ஜெபத்தின் நடுவிலேயே, மனநலம் குன்றிய ஒரு பெண்ணால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 90. அடக்க ஆராதனையில் அந்தப் பெண்ணுக்காக மன்னிப்பு வேண்டி ஜெபிக்கப்பட்டது. ஊரின் பழைய கல் தேவாலயத்துக்கு வெளியே, மற்றச் சகோதரர்களின் கல்லறைகளைப் போலவே, பெயர் எழுதிய மரச் சிலுவையோடு அவருடைய கல்லறை இருக்கிறது. அவருக்குப் பின் கத்தோலிக்கரான அலோயிஸும், 2023 டிசம்பரிலிருந்து ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த மேத்யூவும் தலைமைப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். பொறுப்பு சபைப் பிரிவுகளைக் கடந்து கைமாறுகிறது, வாழ்வு தொடர்கிறது.

திரும்பி வந்தபின் என்ன என்பதுதான் உண்மையான கேள்வி. தெய்சே தன் பெயரில் ஓர் இயக்கத்தையோ உறுப்பினர் பட்டியலையோ உருவாக்குவதில்லை. வந்தவர்கள் அவரவர் சபைக்குத் திரும்பிப்போய் அங்கே உழைக்க வேண்டும் என்றே சொல்கிறது. நம் மக்களுக்கும் இது முற்றிலும் புதியதன்று. 1980-களில் தெய்சே சகோதரர்கள் ஒழுங்குசெய்த கண்டங்களுக்கிடையேயான இளையோர் கூடுகைகள் சென்னையிலேயே நடந்திருக்கின்றன. வெளிநாட்டு இளைஞர்கள் நம் வீடுகளில் தங்கி, நம் பாயில் படுத்து, நம் சோற்றை உண்டு ஜெபித்திருக்கிறார்கள்.

நாங்கள் வந்தவுடன் செய்தது ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் செய்திக்குப் பதிலாக ஒரு வேதபகுதியை வாசித்து, இரண்டு கேள்விகளை வைத்து, ஆறேழு பேராகப் பிரிந்து உட்காருகிறோம். மூத்தவர்களும் பிள்ளைகளும் கலந்திருக்க வேண்டும். தமிழும் ஜெர்மனும் இரண்டும் செல்லும். எளிதாக இல்லை. ஐயா முதலில் பேசட்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அவர் பேசி முடித்தால் பேச வேறு ஒன்றும் இருக்காது. அதனால் மூத்தவர்கள் கடைசியில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். வேலை போனதை மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் ஆலயத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஓர் அண்ணன் அப்படியொரு வட்டத்தில்தான் அதைச் சொன்னார். அடுத்த வாரமே அவருடைய விண்ணப்பங்களை ஜெர்மன் மொழியில் திருத்திக்கொடுக்க எங்கள் ஐக்கியத்துப் பிள்ளைகள் இருவர் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கூடுகைகள் முதன்மையாக 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கானவை. அதற்கு மேற்பட்ட வயதினருக்கும் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கும் இடமும் காலமும் வரையறுக்கப்பட்டவை. ஆகையால் சமூகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். கோடை வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். அமைதியை விரும்புகிற பெரியவர்கள் வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ போகலாம். தூக்கப் பை, மழைச்சட்டை, கைவிளக்கு, இரவுக் குளிருக்குக் கம்பளி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, தமிழ் வேதாகமம் இவற்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களாகப் போகிறவர்கள் சிறு குழுக்களில் ஒரே இடத்தில் சேர்ந்து உட்காராமல் பிரிந்து போங்கள். எங்கள் ஐக்கியத்திலிருந்து அடுத்த கோடையில் போகிற குழுவில் பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொள்வதென்று தீர்மானித்திருக்கிறோம்; அவர்களுக்கான இடத்தை உறுதிசெய்த பிறகே பிள்ளைகளுக்கான பேருந்தைப் பதிவு செய்யப்போகிறோம்.